திருப்பிப் படித்தாலும் அதே எண்

"எல்லாப் பூட்டுக்கும் ஒரே பகா எண்ணையாடா வச்ச..."

"பாதிதான்க்கா. மத்த பாதி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற..."

"திருட வர்றவனுக்குப் பாதி போதும்."

துவாரகாவில் விஜயன் குடியிருந்த அடுக்ககத்தில் பாதிக் கதவுகளில் அவன் செய்து விற்ற மின்பூட்டுதான். அவன் அக்கா ஹம்சா பள்ளியில் கணக்கு நடத்துபவள். மகள் அகல்யாவைச் சற்றுத் தள்ளி ஜனக்புரியில் இருக்கும் தன் வீட்டில் விட்டுவிட்டு அன்று மத்தியானம் தம்பியைப் பார்க்க வந்திருந்தாள்.

அந்தப் பூட்டு, கேட்கிற போனுக்கெல்லாம் ஒரு பெரிய எண்ணைக் காட்டும். இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்தது அது. பெருக்குவது எளிது, பிரிப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். பிரித்துவிட்டால் சாவி கையில். அதனால் பூட்டுக்குப் பூட்டு இரண்டையும் புதிதாகத் தேட வேண்டும். விஜயன் ஒன்றை மட்டும் தேடவிட்டு, மற்றதாக எல்லாப் பூட்டுக்கும் ஒரே எண்ணைத் தானே வைத்தான். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் மாறாத, முந்நூற்றுச் சொச்சம் இலக்கமுள்ள பகா எண். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் பதினொன்றால் வகுபட்டுவிடும் என்று ஒற்றைப்படையில் தேடித் தேடிக் கண்டுபிடித்தது. அழகாக இருந்ததே என்றான்.

ஹம்சா விளையாட்டாகத்தான், அவன் மாட்டித் தந்த, அவன் போனுக்கும் திறக்கிற தன் வீட்டுப் பூட்டின் எண்ணையும் அவனுடையதையும் அவன் கணினியில் போட்டுப் பார்த்திருந்தாள்.

"ஆறாங்கிளாஸ் கணக்குடா, மீப்பெரு பொதுக் காரணி. ஒண்ணுன்னு வரணும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள உன்னோட அழகு வந்து நிக்குது. அதால வகுத்தா மிச்சமும் கையில."

யாருக்கு இது தோன்றப் போகிறது, திங்கட்கிழமை சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன் என்று அவன் மழுப்பினான். இன்றைக்கே எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லு என்று அவள் விடவில்லை. பேச்சுவாக்கில்தான் அவன் வாயிலிருந்து வந்தது: மூன்றாம் மாடி உமாமகேஸ்வரி ஆண்ட்டி தூங்கி எழுந்தபோது கதவு திறந்து கிடந்ததாம். எதுவும் போகவில்லை. சோபாவில் மட்டும் யாரோ நெடுநேரம் உட்கார்ந்து எழுந்த பள்ளம். வயசாச்சு, பூட்ட மறந்திருப்பார் என்று இவன் விட்டுவிட்டான். அடுத்த வாரம் எதிர்க் கட்டடத்திலும் அதே கதை.

ஹம்சா கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அந்த இரண்டு பூட்டும் அனுப்பியிருந்த பதிவுகளை விஜயன் தேடி எடுத்தான். இரண்டு கதவும் சரியான சாவியால்தான் திறந்திருந்தன. திறப்பதற்கு முன் இரண்டு பூட்டிடமும் எண்ணைக் கேட்டது ஒரே போன். அதே போன் இன்று காலை இன்னொரு பூட்டைக் கேட்டிருந்தது. ஜனக்புரியில்.

அவன் முகத்தைப் பார்த்தே ஹம்சாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் தன் போனை எடுப்பதற்குள் விஜயனே தன் போனிலிருந்து அகல்யாவை அழைத்து, இருவருக்கும் கேட்கும்படி வைத்தான். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு அகல்யா எடுத்தாள். சாவதானமான குரல், பின்னால் குக்கர் சத்தம்.

"என்ன மாமா, இப்பதான நீங்க கதவைத் திறந்து உள்ள வந்த சத்தம் கேட்டுச்சு, ஹால்ல இருந்துக்கிட்டே எதுக்கு போன் பண்றீங்க?"