பூட்ஸ் மாட்டும் இடத்தில் வந்த விமர்சனம்

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம். வட கனடாவில் எங்கள் ஊரான டிம்மின்ஸின் நூலகக் கீழ்த்தளத்தில் எங்கள் திரைப்படக் கழகம் கூடியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அங்கே நாற்காலி போடுவதும் மடக்குவதும் நான்தான். அன்று முழங்காலோடு மனசும் களைத்திருந்தது. இன்னொரு கனடாப் படம், இன்னொரு உறைந்த ஏரி, இன்னொரு பேசாத அப்பா.

படம் எடுத்த மார்னி டொராண்டோவிலிருந்து எட்டு மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள். கதை நடப்பது எங்கள் ஊரில்தான். ஆரம்பிக்கும் முன்பே மனதைத் திறந்துவிட்டாள்.

"அமெரிக்காவுல வெளியிட ஒருத்தர் கேக்கறாரு. கதை மின்னசோட்டாவுல நடக்கறதா மாத்தணுமாம், ஏரிக் காட்சிய வெட்டணுமாம். நாளைக்குக் காலைல பதில் சொல்லணும். தயவுசெஞ்சு உண்மையச் சொல்லுங்க."

படம் முடிந்து காப்பி சுற்றி வந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"கேமரா அருமை."

ஓய்வு பெற்ற சுரங்கக்காரர் வாலி ஹாப்பலா மீசையைத் துடைத்துக்கொண்டு, "வித்தியாசமா இருந்துச்சு," என்றார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது. டொராண்டோக்காரிக்கு அது எங்கே தெரியும்?

கோப்பை கழுவ வந்த என் பக்கத்தில் மார்னி நின்றாள். "ஆர்லீன், ஒருத்தரும் ஒண்ணுமே சொல்லலையே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "வா. பேசாத," என்று கையைப் பிடித்து இழுத்துப்போய், வாசலருகே தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் அவளை நிறுத்தினேன். செல்லங்களே, எங்கள் ஆட்கள் உள்ளே இருக்கும்வரை விருந்தாளிகள். வாசலில் கழற்றிவைத்த பனிக்கால பூட்ஸைக் குனிந்து மாட்டும்போதுதான் வாய் திறப்பார்கள்.

"அந்த ஏரி பதினோரு நிமிஷம்டா சாமி!" வாலி மூச்சு வாங்கினார். "நாப்பது வருஷமா அதுல மீன் பிடிக்கறேன். நானே அவ்வளவு நேரம் அதைப் பாத்ததில்ல."

"நம்ம படத்துல மட்டும் யாருமே சிரிக்க மாட்டாங்க," என்றாள் அவர் பக்கத்தில் குனிந்திருந்த போலீன். "எங்கண்ணன் சாவுலகூட இதைவிட அதிகமாச் சிரிச்சோம்."

"ஆனா படத்துல அந்த ஆளு மேசையில இடிச்சுக்கிட்டு, மேசைகிட்டயே 'சாரி' சொன்னானே!" என்றாள் உள்ளே கேமராவைப் புகழ்ந்தவள்.

"என் புருஷனேதான்!" என்றாள் போலீன். " வேற எந்த ஊர்ப் படத்துல அவரு வருவாரு? அவரைப் போயி மின்னசோட்டாக்காரர் ஆக்கணுமாமே. ஆக்கினா நான் பாக்க மாட்டேன், போ."

கோட்டுகள் அசைந்தன. மார்னி வெளியே வந்துவிட்டாள்.

மூன்று பேரும் ஒரே குரலில் "சாரி" என்றார்கள். வாலி ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் காலுறையுமாகச் சிவந்துபோய் நின்றார்.

"சாரி வேணாம்," என்றாள் மார்னி. அவள் கண் கலங்கியிருந்தாலும் கையில் நோட்டு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஏரியிலேருந்து திரும்பச் சொல்லுங்க வாலி. எந்த இடத்துல தூக்கம் வந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மாட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அந்த அமெரிக்கக்காரருக்கு முடியாது என்று பதில் போனது. ஏரியை அவளே ஆறு நிமிடமாகக் குறைத்தாள். படம் நாலு ஊரில் ஒரு வாரம் ஓடியது, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு நிமிடம் வெட்டியிருக்கலாம் என்கிறார் வாலி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.