மடி உதறல்

அட்டை வாடியில் பொழுது சாய்ந்தால் மடி உதற வேண்டும். உச்சமுனைக் கரையில் கொட்டில் போட்டுக் கடலட்டை அவித்துக் காயவைக்கிற அத்தனை பேரும் படகேறுமுன் வரிசையில் நின்று, சாரத்தின் இடுப்புச் சுருட்டை அவிழ்த்து உதறிக் காட்டுவார்கள். காய்ந்த அட்டை விரல் நீளம்தான், விலையோ கொள்ளை விலை. மடியில் செருகினால் வெளியே தெரியாது. கங்காணி ஹயாத்து முகம்மது கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பான். அத்தாஉல்லாவும் சாரத்தை உதறுவார். சட்டையை மட்டும் தூக்கமாட்டார்.

சட்டைக்குள்ளே, தொப்புளுக்கு வலப்பக்கம், ஒரு பை ஒட்டியிருந்தது. மலக்குடலில் வந்த புற்றை வெட்டியெடுத்த டொக்டர், உள்தையல் ஆறும்வரைக்கும் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்திருந்தார். போவதெல்லாம் அந்தப் பைக்குள்தான். அட்டையின் வயிற்றைக் கீறிக் குடலைப் பிதுக்கி எறிவதுதான் அத்தாஉல்லாவின் வேலை. இப்போது கத்தியை வைக்கும்போதெல்லாம் அவருக்கே வயிறு கூசியது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு அவரோடு வந்த ஊரவர்கள் யுத்தம் முடிந்து திரும்பியபோதும், புற்றுநோய்க் கிளினிக்கை நம்பி அவர் கற்பிட்டிக் கரையிலேயே தங்கிவிட்டார். வருகிற திங்கட்கிழமை குடலை உள்ளே வைத்து மூடுவதாக நாள் குறித்தாயிற்று. பாரம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது, வயிற்றில் அடிபடக்கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"உள்ளத வாடியில சொல்லுங்களேன். நீங்க என்ன களவா செஞ்சீங்க?" என்று மனைவி ஸுல்பிகா அன்று காலையிலும் சண்டை பிடித்தாள்.

"சொன்னா நான் தொட்ட அட்டைய எவன் வாங்குவான்? பள்ளியில தொழ எனக்குப் பக்கத்துல எவன் நிப்பான்? திங்கக்கிழம வரைக்கும் வாயப் பொத்திட்டு இரி."

பிடிவாதம் பிடித்த மனிதர். வெட்கம்தான் அந்தப் பிடிவாதம் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று காய்ந்த அட்டையில் ஒரு கூடை குறைந்தது. முதலாளியிடம் போனில் கண்டபடி ஏச்சு வாங்கிய ஹயாத்து, மத்தியானத்திலிருந்து ஒருவரையும் கண்ணுக்கு மறைய விடவில்லை. பற்றைக்காட்டுக்குள் போய்ப் பையைக் கழுவ அத்தாஉல்லாவுக்கு வழி இல்லை. தின்ற பாணும் குடித்த தேத்தண்ணியும் இறங்கி, காற்றும் சேர்ந்து, பை புடைத்துக்கொண்டு நின்றது.

பொழுது சாய்ந்து வரிசையில் அவர் முறை வந்ததும், "சட்டயத் தூக்குங்க நானா," என்றான் ஹயாத்து, மூத்தவர் என்ற மரியாதையோடு.

"தூக்க ஏலாது."

"அப்ப அதென்ன வயித்துல? ஒங்களால நான் நாய்ப்பேச்சு வாங்கிறன்."

சொல்லிக்கொண்டே அவன் அந்தப் புடைப்பைப் பிடித்தான். அத்தாஉல்லா அவன் கன்னத்தில் அறைந்தார். அறை விழுந்த வேகத்தில் அவன் ஓங்கிக் குத்தினான், குறி பார்த்து, அதே இடத்தில்.

பை வெடித்தது. சட்டை நனைந்து, சாரம் நனைந்து, மஞ்சளாகக் கால்வரை ஒழுகியது. நாற்றத்தில் வரிசை கலைந்தது. யாரோ "ச்சீ" என்றார்கள். அந்தச் சொல்தான் அத்தாஉல்லாவுக்குக் கொலைவெறி ஏற்றியது. அட்டை அவிக்கிற அண்டாவில் கிண்டுகிற துடுப்பை இரண்டு கையாலும் உருவி ஹயாத்தின் தோளில் அடித்தார். தடுக்க வந்த வலக்கை பட்டென்று முறிந்தது. விழுந்தவனின் விலாவில் அடித்தார், தொடையில் அடித்தார். "பாருடா! ஒன்ட அட்டயப் பாரு!" ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்து முக்கினார். ஒவ்வொரு முக்கலுக்கும் நனைந்த சட்டைக்கு அடியிலிருந்து குடல் சிவப்பாக வழுக்கி வெளியே வந்தது. ஒரு சாண் தொங்கியபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். துடுப்பு கையிலிருந்து விழுந்தது.

மற்றவர்கள் தள்ளியே நின்றார்கள். மண்ணில் கிடந்த ஹயாத்துதான் தவழ்ந்து வந்தான். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து, குடிதண்ணீரில் நனைத்து, முறியாத கையால் குடலை மூடிப் பிடித்தான். பிறகுதான் மற்றவர்கள் இருவரையும் அப்படியே தூக்கிப் படகில் போட்டார்கள்.

கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை களப்பு அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"திங்கக்கிழம மூடுற நாள்," என்றார் அத்தாஉல்லா. அவருக்குப் பல் கிட்டியது. "இனி மூடுவாங்களாடா?"

ஹயாத்து கிழிந்த உதட்டை நக்கிக்கொண்டு, நழுவிய துவாயை அழுத்திப் பிடித்தான்.

"கைய எடுத்தியோ, மத்தக் கையையும் முறிப்பன்."

துவாய்க்கு அடியில் குடல் தன்பாட்டில் நெளிந்தது. வெதுவெதுப்பாக ஒன்று ஹயாத்தின் விரலிடுக்கில் வழிந்து முழங்கைவரை இறங்கியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாந்தி எடுத்தான், கையை எடுக்கவில்லை.