இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

அண்ணன் அப்பாவின் வலது கட்டைவிரலைப் பிடித்துக் கைபேசியின் மேல் மூன்றாவது தடவையாக அழுத்தினான். திறக்கவில்லை. சட்டை நுனியால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்த விரலை அந்தச் சனியன் பிடித்த போன் விரலாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

"விடுண்ணா, பாவம்" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

இருவருடைய பிறந்தநாளையும் அம்மா போன தேதியையும் அண்ணன் ஏற்கெனவே போட்டுப் பார்த்தாகிவிட்டது. அவள் யோசிக்காமல் 3345 என்று அடித்தாள். திறந்துகொண்டது. முப்பத்து மூன்றும் நாற்பத்தைந்தும் இசைத்தட்டு சுழல்கிற இரண்டு வேகங்கள். பிளேயரின் குமிழுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். சின்ன வயதில் அவள் எண்களைப் படிக்கப் பழகியதே அங்கேதான்.

"நம்ம தேதி எதுவும் இல்ல பாரு" என்றான் அண்ணன். சிரிக்கப் பார்த்து, முடியாமல் பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

மணி ஒன்பது. இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உறவுக்காரர்களுக்கெல்லாம் நேற்றே சொல்லியாயிற்று. அப்பாவுக்குப் பழக்கமானவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் போனைத் தேடி எடுத்தது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் எந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறினாலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எந்த பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுக்குப் பெற்ற மகள் போன் அடிப்பது மட்டும் கேட்காது என்று அவள் எல்லோரிடமும் குறை சொல்லியிருக்கிறாள்.

நேற்றும் கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, நாலரை மணி இடைவேளையில் மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஆறு மணிக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா தைத்த சட்டையைக் கொடுக்க மேலே வந்தபோது, அப்பா நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். தட்டு முடிந்து, ஊசி டக் டக்கென்று கடைசிக் கோட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நாலரையிலிருந்து ஐந்துக்குள் போயிருக்கும், மாரடைப்பு என்றார் டாக்டர்.

நாலரையிலிருந்து ஐந்துக்குள். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தபோது அப்பாவுக்கு உயிர் இருந்ததா? இருந்து, கை நீட்ட முடியாமல் தவித்தாரா? அவர் பக்கத்தில் அது அடித்து அடித்து ஓய்ந்ததா? வந்தவர்கள் எல்லோரும் எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டார்கள். சும்மாதான், எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். பத்துத் தடவை சொல்லியும் அது வாயில் ஒட்டவில்லை.

போனில் நாலைந்து குழுக்கள் இருந்தன. கண்ணாடிச் சட்டம் போடுவதற்காக அண்ணி தேர்ந்தெடுத்திருந்த அப்பாவின் பழைய படத்தை எல்லாக் குழுவுக்கும் முதலில் அனுப்பினாள். கறுப்பு வெள்ளை. இருபத்தைந்து வயது அப்பா ஒரு கூண்டு லிஃப்டின் கம்பிக்கதவில் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து ஒவ்வொரு குழுவிலும் செய்தியை எழுத வேண்டும். அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். அவரைக் கட்டிக்கொண்டு அழுது, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வர அரை மணியாயிற்று.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு குழுவில் மட்டும் ஒன்பது பதில்கள். குழுவின் பெயர் 'இன்று சுழல்வது'.

'அட்டையே அள்ளுதே! எந்த வருஷம்?'

'கேள்விப்பட்டதே இல்லை. பாடகர் யார்?'

'ரெண்டாம் பக்கம் எப்படி, லிஃப்ட்காரரே?'

கடைசியாகக் கம்பவுண்டர் என்ற பெயரில் ஒருவர்: 'நேத்து பாதியில தூங்கிப் போனதுக்கு இது லஞ்சமா?'

செத்துக் கிடக்கிற மனிதரின் முகத்தைப் பார்த்துப் பாடகர் யார் என்று கேட்கிறார்கள். நறுக்கென்று நாலு வார்த்தை எழுதலாம் என்று ஆரம்பித்தவள், இவர்கள் யார் என்றே தெரியவில்லையே என்று மேலே தள்ளிப் பார்த்தாள்.

எல்லாம் இசைத்தட்டு அட்டைப் படங்கள். பதினோரு பேர், தினமும் ஆளுக்கொரு ஆல்பம். அப்போது எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதை மட்டும்தான் போடலாம். முதலில் அட்டை மட்டும், பேச்சில்லாமல். மற்றவர்கள் கேட்ட பிறகுதான் விவரம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்டாக வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. யாருக்கும் யார் முகமும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் அந்தப் படத்தைப் போட்டால் வேறென்ன நினைப்பார்கள்? அவள் எழுதிய நாலு வார்த்தையை அழித்தாள்.

இன்னும் கொஞ்சம் மேலே நேற்றைய மாலை இருந்தது.

நான்கு மணிக்கு அப்பா ஓர் அட்டையைப் போட்டிருந்தார். அதே ஆல்பம் தன்னிடமும் இருக்கிறது, சேர்ந்தே கேட்கலாம் என்று கம்பவுண்டர் எழுதியிருந்தார். 4.03: 'ஊசி வெச்சாச்சு.' 4.21: 'பக்கம் திருப்பியாச்சு.' 4.30: 'மூணாவது பாட்டு. இதுக்குத்தான் இந்தத் தட்டையே வாங்கினேன்.' 4.31: 'மகள் கூப்பிடுறா. இந்தப் பாட்டு முடியட்டும், பேசுறேன்.'

அதற்குக் கீழே அப்பா எதுவும் எழுதவில்லை. மற்றவர்கள்தான் எழுதியிருந்தார்கள். லிஃப்ட்காரர் தூங்கிட்டார், ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டார், ஆளை அனுப்புங்க என்று ராத்திரி எட்டு மணி வரை கிண்டல்.

அவள் அந்த 4.31ஐ எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா தவிக்கவில்லை. கேட்டது, பார்த்தார், எடுக்கவில்லை. ஒரு பாட்டுக்காக. முதலில் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அடுத்த நிமிஷமே பொல்லாத கோபம் வந்தது. நான் என்ன, விளம்பரத்துக்குக் கூப்பிடுகிற ஆளா?

நான் அவருடைய மகள், அது அப்பாவின் படம், அப்பா நேற்று மாலை இறந்துவிட்டார், இரண்டு மணிக்கு எடுக்கிறோம் என்று எழுதினாள். பத்துப் பேரும் படித்துவிட்டதாகக் காட்டியது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கம்பவுண்டர்.

அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறோர் ஊரில் ஒரு மருந்துக்கடையில் நாற்பது வருஷம் நின்றவர் என்றும், அப்பாவைப் பார்த்ததே இல்லை என்றும், வர ஆசைதான், கால் விடாது என்றும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ராத்திரி தூங்கிட்டாரா என்று கேலி எழுதியதற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். அவள் குறுக்கிட்டாள்.

"அந்தப் பாட்டு எவ்வளவு நேரம்?"

"ஆறு நிமிஷம் அம்பது செகண்ட்."

அவள் மூன்று தடவை கூப்பிட்டதும் அந்த ஆறு நிமிஷத்துக்குள்தான். 4.31, 4.33, 4.36.

"பாதியில நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தாம்மா" என்றார். "போன் வந்தாலும் எடுக்கக் கூடாதுன்னு. பெரிய இவன் மாதிரி. வேலையத்தவன் போட்ட சட்டம். அவரு அதையும் மதிச்சாரு பாரு." குரல் உடைந்து நின்றது. "எதுக்கும்மா கூப்பிட்ட? அவசரமா ஏதாவது...?"

பால்கனிக்குக் கீழே வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய பதில் வாய்வரைக்கும் வந்தது. முகம் தெரியாத அந்த மனிதரிடம் ஏனோ அதைச் சொல்ல முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரலன்னு சொல்லக் கூப்பிட்டேன்."

மூன்று மாதமாக அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஆல்பம், நாற்பது நிமிஷம், என்கூட உட்கார்ந்து கேளு, போதும் என்று. நாலு தடவை தள்ளிப்போட்டு, ஐந்தாவது தடவை சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வரவில்லை என்று சொல்லப் பெரிய காரணம்கூட இல்லை. அலுப்பு. ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாமே என்ற அலுப்பு. சட்டென்று சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் விடாமல் மூன்று தடவை அடித்தாள்.



"அவரு அதைக் கேக்கலையேம்மா" என்றார் கம்பவுண்டர்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து அழுதது வேறு. இது அடிவயிற்றிலிருந்து வந்தது. அவர் அது ஓயும்வரை காத்திருந்தார். பிறகு கதை சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பத்து நாளா எங்க உசிர வாங்கிட்டாரு உங்கப்பா. ரெண்டு ஸ்பீக்கருக்கும் எதிர்ல ஒரே ஒரு எடத்துலதான் சரியா கேக்கும். அது ஒரு ஆளுக்கான எடம். ரெண்டு பேர் வந்தா நாற்காலிய எப்படிப் போடறதுன்னு படம் வரைஞ்சு வரைஞ்சு அனுப்பினாரு. நாங்களும் ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். எதுவும் பிடிக்கல. முந்தாநாள்தான் அவரே முடிவு பண்ணாரு."

"என்னன்னு?"

"நடு எடம் உனக்குன்னு. அவரு ஓரமா உட்கார்ந்துக்கறாராம். அவருக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாது, படிவழியாகத்தான் இறக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா அந்த நேரத்திலும் தலையில் அடித்துக்கொண்டு, லிஃப்ட்காரனுக்கு லிஃப்ட் கொடுத்துவைக்கலையே என்றார். இரண்டொருவர் சிரித்து, சிரித்ததற்காக அழுதார்கள். அண்ணன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டான். மூன்று மாடி. திருப்பத்துக்குத் திருப்பம் "பாத்து, பாத்து" என்ற குரல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. வண்டியில் அவளுக்கும் இடம் இருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். இதோ வருகிறேன் என்றாள்.

கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. குளிர்பெட்டியை எடுத்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அண்ணி வாளியும் துடைப்பானுமாக வந்து, குனிந்து பார்த்தாள்.

"இது என்ன, தரையில டேப்பெல்லாம் ஒட்டியிருக்கு?"

கரண்டு வேலைக்குச் சுற்றுகிற நீலநிற டேப். விரல் நீளத்துக்கு ஒரே அளவாக வெட்டின துண்டுகள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் எதிரே நாலு மூலைக்கு நாலு. அதிலிருந்து தள்ளி, சுவரை ஒட்டி இன்னொரு நாலு.

"பிச்சுடட்டுமா?"

"வேணாம் அண்ணி. அது இருக்கட்டும்."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். துடைப்பானைப் பிழிந்துவிட்டு, எட்டுத் துண்டுகளையும் விட்டு விட்டுச் சுற்றித் துடைக்கத் தொடங்கினாள்.