இன்ஜின் சாயும் பக்கம்

...உன் இஷ்டம் என்றால் வெட்டு என்று அர்த்தமா, இல்லை வெட்டிப்பார் அப்புறம் தெரியும் என்று அர்த்தமா, முப்பத்தோரு வருடம் ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்துகிறவனுக்கு இதுகூடவா தெரியாது என்று யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன், வெட்கமில்லாமல் சொல்வேன். தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவேன், என் மனைவி பெர்னி "உன் இஷ்டம்" என்று சொன்னால் மட்டும் எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. சனிக்கிழமை, காலை பத்து மணி, கராஜ் கதவு திறந்து கிடக்கிறது, அக்டோபர் குளிர் கணுக்காலில் ஏறுகிறது, இரண்டு மர ஸ்டாண்டுகள், அவற்றின் மேல் பழைய கம்பளி, கம்பளியின் மேல் பானட், என் மாமனார் கசிமிரின் வண்டி பானட், ஐம்பது வருடத்தில் ஒரு கீறல் விழாத கரும்பச்சை, அதன் நடுவில் நான் ஒட்டிய மாஸ்கிங் டேப், டேப்பின் மேல் பேனாவால் போட்ட செவ்வகம். கையில் தகடு வெட்டுகிற ஜிக்சா. அரை மணி நேரமாகக் கையில்தான் இருக்கிறது. சமையலறை ஜன்னல் வழியாக வெங்காயம் வதங்கும் வாசனை வருகிறது, பெர்னி பியரோகிக் கொழுக்கட்டை வறுக்கிறாள், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறாளோ... இல்லை, எப்போதும் இப்படித்தான் வைப்பாள்... எப்போதும் இப்படித்தான் வைப்பாளா?

டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஆற்றை ஒட்டிய எங்கள் தெருக்களில் பழைய வண்டியை யாரும் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம், ஒருத்தன் ஒன்றும் கேட்க மாட்டான், ஒரே ஒரு கட்டுப்பாடுதான், மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். அதனால்தான் இந்த ஷெவல் வண்டி எழுபதாம் வருடம் பிறந்தபோது கூடப் பிறந்த இன்ஜின், வண்டியின் எண்ணும் அதன் எண்ணும் ஒன்றான இன்ஜின், எண்ணெய்த் துணி சுற்றி அதோ மூலையில் நிற்கிறது, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பையில், ஒவ்வொரு பையிலும் பெயர். இரண்டு சனி ஞாயிறு கொடுத்தால் கசிமிர் விட்டுப்போன மாதிரியே வண்டியை நிறுத்திவிடுவேன். புது இன்ஜின் பெரியது, அதன் தலைமேல் சூப்பர்சார்ஜர், காற்றை அள்ளி அள்ளி இன்ஜினுக்குள் திணிக்கிற அந்த அலுமினியப் பெட்டி, முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு பெல்ட், பெட்டிக்கு மேலே இரண்டு கார்புரேட்டர், எல்லாம் சேர்ந்து பானட்டுக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. எட்டு மாதம் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது, அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும், பொய் சொல்லவில்லை. ஆனால் பானட் மூடாது. ஓட்டை போட வேண்டும். போட்ட ஓட்டையை எந்தப் பையில் போட்டு என்ன பெயர் எழுதி வைப்பது?

அதற்குத்தான் ஃபைபர் பானட் ஒன்றை, அச்சு அசல் இதே மாதிரி, ஆர்டர் பண்ணினேன், அதை வெட்டிக்கொள்ளலாம், இதைக் கம்பளியில் சுற்றி மேலே பரணில் ஏற்றிவிடலாம் என்று. வியாழக்கிழமை வந்து சேர்ந்தது, நான் வேலையில் இருந்தேன், பெர்னி வாங்கவில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன் என்றேன். "வேணாம்னு தோணுச்சு" என்றாள். வேண்டாம் என்றால் எது வேண்டாம், பெட்டியா, ஓட்டையா, இந்த எட்டு மாத வேலையா? அவளுடைய அப்பாவின் வண்டி, அவளுக்கு வந்த வண்டி, மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வாரம் அவளேதான் "ரஸ், அதை எடுத்து ஏதாவது பண்ணு" என்றாள், ஏதாவது என்றால் எவ்வளவு தூரம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, புது பொம்மை கிடைத்த சந்தோஷம் எனக்கு. அப்போ இந்த பானட்டையே வெட்டட்டுமா என்று வியாழக்கிழமை கேட்டேன், மெதுவாகத்தான் கேட்டேன். தட்டைத் துடைத்துக்கொண்டே "உன் இஷ்டம்" என்றாள். தட்டு ஏற்கெனவே காய்ந்திருந்தது.

கசிமிர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கையைக் கழுவிவிட்டுத்தான் வண்டிக் கதவைத் தொடுவார். ஈஸ்டருக்கு ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, மழை வராது என்று ரேடியோவில் சொன்னால் மட்டும் வெளியே எடுப்பார். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, ஆறு மாதப் பழக்கம்கூட இல்லாத என்னை, சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "ஒரு சுத்து சுத்திட்டு வா, மூணாவது கியரைத் தாண்டாத" என்றார். ஆற்றோரமாக மூன்று மைல் போனேன், ராஜா மாதிரி போனேன், திரும்பி வந்தபோது வாசற்படியில் பெர்னி நின்றுகொண்டிருந்தாள், நான் கையசைத்தேன், அவளும் அசைத்தாளா... சிரித்தாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் நம்பிக் கொடுத்த வண்டியின் நடு நெஞ்சில் இன்று நான் பிளேடை இறக்கப் போகிறேன். இறக்கப் போகிறேனா?

ஹெக்டர் வந்துவிட்டான். பக்கத்து வீடு, இருபது வருடப் பழக்கம், இன்ஜினை ஏற்றும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவன், காப்பிக் கோப்பையோடு வேலி இடுக்கு வழியாக வந்து நின்று என்னையும் பானட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னப்பா, அப்படியே பாத்துக்கிட்டு நிக்கிற? பொண்ணு பாக்க வந்தியா?"

"வெட்டலாமான்னு யோசிக்கிறேன்."

"யோசிச்சது போதும், இப்படிக் குடு. பெர்னி கேட்டா கை நழுவிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"சதுரமாவா நழுவும்?"

"உன் கை அப்படித்தான் நழுவும். நீ பயத்துலகூட அளவு பாக்கிற ஆளு."

சிரித்துவிட்டேன், சிரித்த வேகத்தில் மூலைகளில் நான்கு துளையும் போட்டுவிட்டேன், போட்ட பிறகு நிறுத்த முடியுமா என்ன, பிளேடு இறங்கியது, தகடு கத்தியது, உடம்பெல்லாம் கூசியது, சமையலறையில் சத்தம் நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. பார்த்தால் கோடு கோணிவிடும். அடியில் இன்னொரு தகடு உண்டு, அதையும் வெட்டினேன், வேர்த்துவிட்டது இந்தக் குளிரிலும். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கே என்மேல் மதிப்பு, பானட் நேராக இறங்குவதில்லை, பின்னால் கீல், வளைந்து இறங்கும், முன் விளிம்பு சூப்பர்சார்ஜரின் நெற்றியில் இடிக்கும், அதை மறந்து வெட்டிவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர், நான் மறக்கவில்லை, முன்பக்கம் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விட்டேன். பக்கவாட்டில் மட்டும் சிக்கனம். ஒரு சுண்டுவிரல் நுழையும் இடம், அவ்வளவுதான், கசிமிரின் தகட்டில் எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாக... குறைவாக வெட்டினால் குறைவாக வலிக்கும் என்று நினைத்தேனோ? யாருக்கு?

நானும் ஹெக்டரும் பானட்டைத் தூக்கி மாட்டினோம், மெல்ல இறக்கினோம், உரசவில்லை, தட்டவில்லை, பச்சைத் தகட்டின் நடுவே அந்த வெள்ளி உருவம் அங்கேயே முளைத்த மாதிரி எழுந்து நின்றது, இரண்டு பக்கமும் ஒரே அளவு இருட்டுக் கோடு, தையல்காரன் அளவெடுத்துத் தைத்த மாதிரி. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இதைப் பார்த்தால் கசிமிரே ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார், அப்புறம்தான் திட்டுவார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், போன வாரம் பானட் இல்லாமலே ஓட விட்டுத் தெரு நாயெல்லாம் குரைத்ததுதான், ஆனாலும் அந்த முதல் உறுமலில் முதுகுத்தண்டு சிலிர்க்கத்தான் செய்கிறது, கொஞ்ச நேரம் சூடேற விட்டேன், பெல்ட் ஊளையிட ஆரம்பித்தது, ஆகா, இந்த ஊளைக்காகத்தானே எட்டு மாதம், ஆக்சிலேட்டரை ஒரு மிதி... டங்! கோயில் மணி மாதிரி டங்! நிறுத்தினேன்.

ஹெக்டர் காப்பியைக் கொட்டிவிட்டுச் சிரிக்கிறான், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "டேய், மிதிச்சா இன்ஜின் சாயும்டா! போன வாரம் நீயே பாத்தியே, பாரு பாரு எப்படி முறுக்குதுன்னு எனக்குக் காட்டினியே!" ஆமாம், காட்டினேன். ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிற இன்ஜின், மிதித்தால் உடம்பை முறுக்கி வலது பக்கமாகச் சாயும், இத்தனை பெரிய இன்ஜின் இரண்டு விரல் அளவு சாயும், இந்தத் தொழிலில் காலைப் பதித்த முதல் வாரமே எவனுக்கும் தெரிகிற விஷயம், எனக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் செத்த இன்ஜினை அளந்துவிட்டு உயிருள்ள இன்ஜினுக்கு வெட்டியிருக்கிறேன். வலது விளிம்பில் பெயிண்ட் உரிந்து தகடு பல்லைக் காட்டியது. ஐம்பது வருடத்தில் முதல் காயம். இனி வெட்டினாலும் குற்றம், வெட்டாவிட்டாலும் குற்றம், இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சமையலறைக் கதவு திறந்தது.

பெர்னி ஏப்ரனோடு வந்தாள். தோட்டத்து ரப்பர் பூட்ஸ், அதில் ஈர மண். ஓட்டையைப் பார்த்தாள், உரிந்த இடத்தைப் பார்த்தாள், கட்டைவிரலால் தடவினாள். நான் வாயைத் திறந்தேன், மன்னிச்சிக்கோ என்று சொல்லத்தான், அதற்குள் "எறங்கு" என்றாள். இறங்கினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள், அந்தப் பூட்ஸோடு, கசிமிர் யாரையும் காலணியோடு ஏற்றாத வண்டியில். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் பெர்னி, பத்தொன்பது வருடமாக ஊரே தன் பிள்ளைகளை நம்பி அவள் கையில் கொடுக்கிறது, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரிபண்ணினாள், சாவியைத் திருப்பினாள். மிதித்தாள். டங். "பெர்னி, இடிக்குது..." என்றேன். "தெரியுது" என்றாள், இன்னும் ஒரு மிதி, டங், இன்னொன்று, டங், ஹெக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அழுகையும் இல்லை. மீன் சிக்கியதும் தூண்டில் போட்டவனுக்கு வருமே, அந்த மாதிரி ஒரு முகம்.

இன்ஜினை நிறுத்தினாள். "பதினாறு வயசுல இதை ஓட்டக் கேட்டேன்" என்றாள், என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை, "லைசென்ஸ் வந்த அன்னிக்கே. அப்பா சிரிச்சாரு. அப்புறம் கேக்கவே இல்ல." அவர் சாவியை வைத்து அழுத்தியது என் கையில் அல்லவா... வாசற்படியில் நின்றவள் சிரிக்கவில்லை, இப்போது தெரிகிறது, சிரிக்கவே இல்லை, அந்தச் சிரிப்பை நான்தான் அவளுக்குப் போட்டுவிட்டிருக்கிறேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ அவரைப் பத்தி எவ்வளவு பெருமையா பேசுவ. அதை எதுக்குக் கெடுக்கணும்." இறங்கி வந்தாள். "இன்னும் வெட்டணும், இல்ல?" என்றாள். அவள் கேட்ட விதத்தில் ஒரு பசி இருந்தது. பானட்டைக் கழற்றித் திரும்பவும் கம்பளிமேல் படுக்க வைத்தோம், மூன்று பேருமாக.

பேனாவை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்தாள். வலது பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி ஒரு கோடு, சரி, அது வேண்டியதுதான், இன்ஜின் சாயும் பக்கம். அப்புறம் சுற்றி வந்து இடது பக்கமும் ஒரு கோடு போட்டாள், அதே இரண்டு அங்குலம், நின்று பார்த்தாள், திருப்தியில்லை, இன்னும் ஒரு அங்குலம். அந்தப் பக்கம் இன்ஜின் சாயவே சாயாது, அங்கே ஒரு நூல்கூட எடுக்கத் தேவையில்லை. "பெர்னி, அந்தப் பக்கம்..." என்று ஹெக்டர் ஆரம்பித்தான், அவன் காலை மிதித்தேன். "பிளேடு சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். "இருக்கட்டும், குடு" என்றாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இடது பக்கத்திலேயே ஆரம்பித்தாள், வளைவில் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி நிதானமாக, பொறி பறக்கிறது, பியரோகி கருகுகிற வாசனை வருகிறது, அடுப்பை அணைக்க ஒருத்தரும் போகவில்லை, எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது, பானட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த நினைப்பு வந்தது... எந்த ஏரிக்குப் போகலாம் என்று கேட்டபோதும் உன் இஷ்டம் என்றாள், பக்கத்திலிருப்பதற்குப் போனோம், நாய் வளர்க்கலாமா என்றபோதும் அதையேதான் சொன்னாள், வளர்க்கவில்லை, படுக்கையறைக்கு என்ன நிறம் அடிக்கட்டும் என்றபோதும் உன் இஷ்டம் என்றாள், தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்று வெள்ளை அடித்தேன், இருபத்தாறு வருடமாக அந்த வெள்ளைக்குள்தான் தூங்கி எழுந்திருக்கிறோம். இப்போதே கேட்டுவிடலாம், ஆனால் இந்தச் சத்தத்தில் காதில் விழாது. வெள்ளை... இவளுக்கு வெள்ளை பிடிக்குமா?