பீப்பாய்களுக்குச் சொல்லாத சேதி

கெரெயோன் ஃபெல்லரிச் இறந்து ஒன்பது வருடம் ஆகியும் அவருடைய ஒயினுக்கு அந்தச் சேதி தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும். மோசல் ஆற்றின் அக்கரைக்காரர்கள்கூட அடக்கத்துக்கு வந்திருந்தார்கள், படகுக்காரர் அன்று கட்டணம் வாங்கவில்லை. நிலவறையில் இருந்த பீப்பாய்கள் மட்டும், காலையில் படியில் காலடிச் சத்தம் கேட்டதும் அவர்தான் வருகிறார் என்று நினைத்து, தலையில் இருக்கும் அடைப்புக் கட்டையைத் தொப்பி தூக்குவதுபோலத் தூக்கும். வருவது மகள் பூர்கா என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ளும். அந்த ‘டொப் டொப்’ சத்தத்தை வைத்துத்தான் எங்கள் தெருவில் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டோம்.

எங்கள் பக்கத்தில், ஒயின் வீட்டின் பெரியவர் இறந்தால், உடல் வீட்டை விட்டுக் கிளம்புமுன் தொழிலை ஏற்கிறவர் நிலவறைக்குப் போய்ப் பீப்பாய் பீப்பாயாகத் தட்டி, முதலாளி போய்விட்டார், இனி நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஒயின் கெட்டுவிடும் என்பார்கள். பூர்கா சொல்லத்தான் போனாள். ஆனால் அத்தனை கட்டைகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று வரவேற்றதைப் பார்த்ததும், தட்டுவதற்காக மடக்கிய விரல்களை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டாள். “சொல்லியாச்சா?” என்று அண்ணன் எட்மண்ட் கேட்டதற்கு, “சொல்லியாச்சு” என்றாள். ஒயின் கெடவில்லை. தொல்லையே அதில்தான் ஆரம்பித்தது.

கெரெயோனை நேசிக்காதவர் எங்கள் ஊரில் கிடையாது. குழந்தை பிறந்த வீட்டுக்கு அந்த வருடத்து ஒயினைத் தானே தூக்கி வருவார். ஒரு தடவை ஆலங்கட்டி மழை ஊர்த் தோட்டங்களையெல்லாம் அடித்துப் போட்டபோது, தன் திராட்சையில் பாதியை அறுத்துக்கொள்ளச் சொன்னார். பாடகர் குழுவில் வெறுமனே வாயசைக்கிறவனிடம்கூட (அது நான்தான்) “உன் குரல் இல்லேன்னா பாட்டு விழுந்துடும்டா” என்பார். ஊருக்கெல்லாம் அப்பா, வீட்டில் மட்டும் முதலாளி. பீப்பாயின் அடியில் இருக்கும் சின்னக் கதவு வழியாக நுழைந்து உள்ளே தேய்க்க ஒல்லியான ஆள் வேண்டும் என்பதால், பூர்காவைப் பள்ளிக்கூட வயதிலேயே உள்ளே அனுப்பினார். பின்னாளில் அவள் கலந்து கொண்டுவந்த ஒயினை ஒரு வாய் குடித்து, மீதியைச் செடிக்கு ஊற்றிவிட்டு, “பூர்கா கழுவுறதுல கெட்டிக்காரி” என்று விருந்தாளிகளிடம் சொல்வார். விருந்தாளிகள் சிரிப்பார்கள். நாங்கள்தான் அந்த விருந்தாளிகள்.

அவர் போன பிறகு பூர்கா எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள். தாமதமாக அறுத்தாள், வேறு சரிவில் நட்டாள், பழத்தைப் பாதிப் பச்சையாகவே பிழிந்தாள். எதைச் செய்தாலும் ஒயின் அதைத் தானே திருத்திக்கொண்டு கெரெயோனின் ருசிக்கு வந்து நின்றது: நனைந்த சிலேட்டுப் பாறை, கொஞ்சம் பீச் பழம், கடைசியில் அவருடைய பைப் புகையிலை. கோப்லென்ஸ் நகரத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த எட்மண்டுக்குப் பரம சந்தோஷம். போட்டிகளில் பதக்கங்கள் வந்தன, எல்லாவற்றிலும் அப்பா பெயர். அவற்றைத் துடைத்து வைப்பது பூர்காவின் வேலை.

ஒன்பதாம் வருடம், அறுவடைக்கு முன்னால், சந்தைச் சதுக்கத்தில் கெரெயோனுக்கு ஒரு கல் நட்டோம். பாடினோம். பூர்காவின் புது ஒயினை ஊற்றிக் குடித்துவிட்டுக் கண்கலங்கினோம். அவள் எங்கள் பாட்டு வாத்தியார் சேவெரினிடம் போய், “வாத்தியாரே, இந்த ஒயின் யார் செஞ்சது?” என்று கேட்டாள்.

“இதென்ன கேள்வி? நம்ம கெரெயோன்தான்.”

“அவர் செத்து ஒன்பது வருஷமாச்சே.”

“அதனால என்னம்மா? நீதான் சுத்தமாக் கழுவி வெச்சிருக்கியே.”

பூர்கா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த ஒயின் தீர்ந்ததும் நாங்களும் அங்கேதான் போனோம், துக்கம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டு. நிலவறையில் காலிப் பீப்பாய் ஒன்றின் சின்னக் கதவில் இரண்டு ரப்பர் பூட்ஸும் அகலமான ஒரு பின்பாகமும் மட்டும் தெரிந்தன. அவளுக்கு அப்போது ஐம்பது வயது, பள்ளிக்கூட இடுப்பு இல்லை. சேவெரின் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். என் கையோடு ஒரு பூட்ஸ் வந்தது, அவ்வளவுதான். பீப்பாய் விடுவதாக இல்லை.

உள்ளேயிருந்து அவள் குரல் நிலவறை முழுக்க ஒலித்தது. “அப்பா செத்துட்டார். கேக்குதா? அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க அவருக்காக எழுந்து நின்னீங்க, என்னால முடியல. எனக்காக ஒரு நாளும் நின்னதில்லையே. உள்ள பூந்து உங்களைத் தேச்சவ நான். அவர் வரமாட்டார். இனிமே நான்தான்.”

பீப்பாய் அவளை விட்டது. நாங்கள் மொத்தமாகப் பின்னால் விழுந்தோம். நிறைந்திருந்த பீப்பாய்களின் மரமெல்லாம் வியர்த்து, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதே நேரத்தில் ட்ரியர் நகரத்தில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா கிளாஸை உயர்த்தி வாழ்த்தி, குடித்து, மணப்பெண்ணின் மேல் துப்பினார். விற்றது, விற்காதது, ஆயிரம் மைல் தள்ளிக் கப்பலில் இருந்தது எல்லாம் கசந்துவிட்டது.

எட்மண்ட் தொலைபேசியில் கத்தினான். “என்னடி பண்ணித் தொலைச்சே?”

“அப்பா செத்ததைச் சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“சொல்ல வேண்டியவங்ககிட்ட.”

ஒயினின் துக்கம் ஒரு வருடம் இருக்கும், பிறகு தெளிந்துவிடும் என்று அவன் காத்திருந்தான். அடுத்த அறுவடையும் கசப்பாகவே வந்தது. பூர்கா அதைக் குடித்துப் பார்த்தபோது முகம் சுளிக்கவில்லை. தெரிந்த ஒருவரைப் பார்த்ததுபோல் தலையசைத்துக்கொண்டாள். எட்மண்ட் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போனான். கடைகள் விலகின. நாங்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு பாட்டில் வாங்கி அதில் முட்டைக்கோஸ் வேகவைத்தோம், முட்டைக்கோஸும் கசந்தது.

மறுவருடம் கல்லுக்கு மாலை போடும் நாளில் அவளே வந்து ஊற்றினாள். சேவெரின் குடித்தார். முகம் பழைய கையுறைபோலச் சுருங்கியது.

“இது கெரெயோன் இல்ல,” என்றார்.

“இல்ல.”

“உன்னுதுதான். நல்லாத் தெரியுது.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தாங்க முடியலடி.” கிளாஸைக் காலிசெய்துவிட்டுத் திரும்ப நீட்டினார். நாங்களும் நீட்டினோம்.

இப்போது ஊர் விடுதியில் அந்தக் கசப்பைத்தான் ஊற்றுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் வேறு ஒயின் கேட்பார்கள், நாங்கள் கேட்பதில்லை. காலையில் பூர்கா படி இறங்கும்போது பீப்பாய்கள் எதுவும் எழுவதில்லை. அவள் மாட்டிக்கொண்ட அந்த ஒன்று மட்டும் கட்டையை ஒரு விரல் உயரம் தூக்கி, அவள் மேலே போகும்வரை அப்படியே வைத்திருக்கும், பிறகு சத்தமில்லாமல் இறக்கிக்கொள்ளும். எங்கள் தெருவில் கடிகாரங்கள் இப்போது ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.