தொட்டால் சொல்லுங்க

துவைக்கப் போட்ட துணிகளைப் பிரிக்கும்போதுதான் கணவர் அதைப் பார்த்தார். வாஷிங் மெஷின் மெக்கானிக் என்பதால் சொந்த வீட்டில் துவைக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்திருந்தது. சாம்பல் நிற சாக்ஸ் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். அடிப்பாகத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ரத்தம் காய்ந்திருந்தது.

“யாரோட ரத்தம் இது?”

“என் சாக்ஸ்ல பக்கத்து வீட்டுக்காரி ரத்தமா இருக்கும்?” என்று அவள் கேலி பேசினாள். வலது காலை மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, தடித்துப் போயிருந்த தோலில் ஒரு சின்ன ஓட்டை. ஷூவைத் தலைகீழாகத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. உள்ளே கைவிட்டுத் தடவிய கணவர் “ஸ்ஸ்” என்று கையை உதறினார். பிள்ளைகள் நோட்டீஸ் போர்டில் குத்தும் ஊசி ஒன்று, அடியிலிருந்து ரப்பரைத் துளைத்துக்கொண்டு நின்றது.

“இது எப்பக் குத்துச்சு?”

அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்கா, திங்கட்கிழமையா? அந்த ஊசியின் மேல் நடந்திருக்கிறாள், படி ஏறியிருக்கிறாள், வண்டி ஓட்டியிருக்கிறாள்.

அவள் பள்ளி வேன் ஓட்டுபவள். பதினாறு பிள்ளைகள், பதினொரு வருடம். பிள்ளைகளுக்கு அவள் ‘வேன் அத்தை’. சர்க்கரை வந்து ஒன்பது வருடமாகிறது. போன வருடம் டாக்டர், கண்ணுக்குள்ளே மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பித்திருக்கின்றன, சிறுநீரில் புரதம் போகிறது, காலையும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். இவளும் நல்ல பிள்ளைபோல் தலையாட்டிவிட்டு வந்தாள். கால் அப்போதெல்லாம் பஞ்சு மேல் நடப்பதுபோல் இருந்தது. அதைப் போய் யாராவது நோய் என்பார்களா?

மருந்து தடவி பிளாஸ்டர் ஒட்டினாள். “நாளைக்கே போய்க் காட்டலாம்,” என்றார் கணவர்.

“துளி வலி இல்லைங்க. வலிச்சா நான் போக மாட்டேனா?”

நாளைக்கு என்பது ஒன்பது நாளாக நீண்டது. காட்டினால் காலை ஊன்றாதே என்பார்கள். ஊன்றாமல் எப்படி வேன் ஓட்டுவது? அந்த நினைப்பை மென்று விழுங்கிக்கொண்டு தினமும் பிளாஸ்டரை மாற்றினாள். ஓட்டை ஆறவில்லை. ஓரம் வெளுத்து, ஒருவித வாடை அடித்தது. வாடை கணவருக்கு எட்டாமலிருக்க, சாக்ஸை நானே துவைத்துவிடுகிறேன் என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பத்தாம் நாள் மதியம், பள்ளி வாசலின் லேசான சரிவில் வேன் நின்றிருந்தது. பிள்ளைகள் ஏறி முடித்தாயிற்று. கியர் போட்டுத் தயாராக இருந்தாள். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று, யார் வீட்டுப் பிள்ளையோ, வேனுக்கு முன்னால் ஓடி, உருண்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தது. அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் எதிரே இருந்த கம்பிக் கதவு மெதுவாக நெருங்கி வந்தது.

கீழே பார்த்தாள். கால் பிரேக்கிலிருந்து வழுக்கித் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது.

ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். வேன் ஒரு முறை குலுங்கி நின்றது. பம்பருக்கும் அந்தக் குட்டியின் புத்தகப் பைக்கும் ஒரு சாண்கூட இல்லை. குழந்தை நிமிர்ந்து, பாட்டிலைத் துடைத்து, அவளுக்கு டாட்டா காட்டிவிட்டு ஓடியது.

“அத்தை, வண்டி ஏன் குதிச்சுது?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

அவள் ஹேண்ட் பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். என்ஜினை அணைத்தாள். சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டு, பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வேறு வண்டி அனுப்பச் சொன்னாள். “வண்டில என்ன கோளாறும்மா?” என்று கேட்டார்கள். “வண்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் சரியில்ல,” என்றாள். கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போன பிறகுதான் கணவரைக் கூப்பிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் ஒருத்தி, தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழையை முதலில் அவள் கையில் தொட்டுக் காட்டினாள். “இவ்வளவுதான். கண்ணை மூடிக்கோங்க. தொட்டா ஆமான்னு சொல்லுங்க.”

இடது காலில் நான்கு முறை ‘ஆமா’ சொன்னாள். பிறகு வலது கால். காத்திருந்தாள். எங்கோ ஒரு நாற்காலி இழுபட்டது. கணவர் தொண்டையைச் செருமினார்.

“ம், ஆரம்பிங்க சிஸ்டர்,” என்றாள்.

கண்ணைத் திறந்தாள். நர்ஸ் இழையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“முடிச்சாச்சும்மா. பத்து இடத்துல தொட்டேன்.”

கணவர் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

டாக்டர் புண்ணுக்குள் மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். அதுவும் வலிக்கவில்லை. “சர்க்கரை முதல்ல கைவைக்கிறது மெல்லிய குழாய்கள்லதான். கண்ணு, கிட்னி, அப்புறம் நரம்புக்குத் தீனி கொண்டுபோற குழாய்ங்க. வலி ஒரு காவல்காரன்மா. உங்க கால்ல அவன் இல்ல.”

“விரலை எடுக்கணுமா?” என்று அவள் கேட்டாள்.

“எலும்பு வரைக்கும் போயிருந்தா யோசிக்கணும். படம் எடுத்துப் பார்க்கலாம்.”

படத்தின் முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கணவர் ஒரே மெஷினை மூன்று முறை பிரித்துப் பூட்டினார். அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்தபடி விரல்களை எண்ணினாள், எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. எலும்புக்குப் போகவில்லை என்று போன் வந்தபோது, இருவருக்கும் சிரிக்கவும் தெம்பில்லை.

முழங்கால்வரை கெட்டிக் கட்டு. ஊன்றக் கூடாது. மூன்றாவது வாரம் மறுபடி சீழ் பிடித்து, டாக்டர் வெட்டிச் சுத்தம் செய்தார். பதினொரு வாரம் கழித்துத்தான் புண் மூடியது. மூடியது தோல்தான்; உணர்வு திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். வேனை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவள் கதவோரம் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள்.

“நீங்க ஏன் ஓட்ட மாட்டேங்கிறீங்க அத்தை?” என்று கேட்டான் ஒரு பையன்.

“கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுடா.”

“நல்லாத் திட்டுங்க,” என்றான் அவன்.

சாயங்காலம் தவறாமல் கணவர் டார்ச்சோடு வந்து அவள் காலடியில் உட்காருவார். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவளோ காலைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சுண்டுவிரல் பக்கத்தில் வெளிச்சம் சற்று அதிகநேரம் நின்றது.

“என்னங்க?”

அவர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

“என்னன்னு சொல்லுங்க!”

“நூல் ஒட்டியிருக்கு. சாக்ஸ் நூல்,” என்று அதை எடுத்துக் காட்டினார்.

அவள் அந்த நூலை வாங்கி விளக்கருகே கொண்டுபோனாள். நூல்தான். ஆனாலும், “இன்னொரு தடவை பாத்துடுங்க,” என்று காலை நீட்டினாள்.