பதினோரு பெயர், ஒரே பெருவிரல்

தணிக்கை அதிகாரி திங்கட்கிழமை வருகிறார் என்று ஜில்லா போர்டிலிருந்து சனிக்கிழமை காலையில்தான் கடிதம் வந்தது. தூத்துக்குடி கண் வைத்தியசாலையின் குமாஸ்தா காசிலிங்கம், எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடுவோம் என்று பதிவேட்டைப் புரட்டினார். காயல்பட்டினத்துப் பக்கத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் டாக்டர் ஜெபகனியம்மாள் காயல்பட்டினத்துப் பெண்களுக்கு அங்கேயே ஒரு வீட்டில் வைத்துக் கண் பார்த்தார். காசில்லாதவர்களுக்குப் பார்த்தால் கட்டணத்தை போர்டு கொடுக்கும். எழுத்தட்டையைக் காட்டிப் பார்ப்பது 'சாதாரணம்'; ஒரு ரூபாய். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் விளக்குப் பிடித்துக் கண்ணின் உள்ளே பார்ப்பது 'முழுமை', மூன்று ரூபாய். யார் எந்த வகை என்று எழுதி, எதிரே பெருவிரல் ரேகை வாங்கி, பில் அனுப்புவது காசிலிங்கத்தின் பொறுப்பு. அந்த வீட்டுக்குள் அந்நிய ஆண் போகிற வழக்கமில்லை. அதனால் அவர் வாசலில் இருந்துகொண்டார். பதிவேடும் மைப்பெட்டியும் திரைக்குப் பின்னே போய்த் திரும்பின. ரேகைகளை எண்ணினாரே தவிர, உற்றுப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தார். இருபத்துமூன்றில் பதினொன்று ஒன்றுபோலவே இருந்தன, நடுவில் குறுக்காக ஒரே தழும்போடு. அந்தப் பதினொன்றும் மூன்று ரூபாய்ப் பெயர்கள்.

"என்ன அண்ணாச்சி, பேயறைஞ்சாப்ல இருக்கிய?" என்று எட்டிப் பார்த்தான் பியூன் பேச்சிமுத்து. "அடேயப்பா! ஒத்த விரலு பதினோரு பேருக்குச் சம்பாதிச்சிருக்கே. எனக்கும் ஒரு நாளு கடன் வாங்கித் தாங்களேன்."

காசிலிங்கம் சிரிக்கவில்லை. பேச்சிமுத்து குரலைத் தாழ்த்தினான். "பக்கத்தைக் கிழிச்சிட்டு வேற எழுதுவோம். எங்க தெருவுல பதினோரு பொம்பளைய கிடைக்காமலா போவாங்க?"

அந்த யோசனை காசிலிங்கத்தின் மனத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துதான் எழுந்தது. பொய்ப் பில் எழுதிய ஒரு குமாஸ்தாவை விளாத்திகுளம் கடைத்தெரு வழியே விலங்கோடு நடத்திப்போனதை அவர் கண்ணால் கண்டவர். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னார். "பக்கத்தைத் தொடாதீங்க," என்றார் ஜெபகனியம்மாள். "நான் பாத்தது நெசம். அதுக்குத் துணையா ஒரு பொய்யை எழுதினா, நெசமும் சேந்து பொய்யாயிரும்."

காசிலிங்கம் மத்தியானமே பஸ் ஏறிக் காயல்பட்டினம் போனார். அந்த வீட்டுக்காரி முத்து பீவி கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"என் விரலுதான் தம்பி. மருந்து விட்டதும் புள்ளையளுக்கு எல்லாம் மங்கிப்போச்சு. தாளு எங்கன, மை எங்கனன்னு தெரியல. சேலையெல்லாம் மையாக்கிட்டாளுவ. பாவமேன்னு நானே வச்சேன். தப்பா?"

"உம்மா, திங்கக்கிழம தணிக்கை அதிகாரிகிட்ட வந்து இதை ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, நான் செயிலுக்குப் போவாம..."

கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது. பிறகு, "ஆம்புளைய எல்லாம் கொழும்புலல்லா இருக்காங்க. கேக்காம எப்படிப் படி தாண்டுறது?" என்றாள். கொழும்புக்குக் கடிதம் போய்த் திரும்ப ஒரு வாரமாகும். காசிலிங்கம் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். கோயிலில் நின்றபோது, காப்பாற்று என்று கேட்கக்கூட நா எழவில்லை. நாளைக்கு என் வாயில் பொய் வரக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை, அதிகாரி கேட்பதற்கு முன்னே அவரே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து நடந்ததைச் சொன்னார். அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு ரேகையாகப் பார்த்தார்.

"நல்ல கதை. ஒரு ரூபாய்க்காரங்க அவங்கவங்க விரலை வச்சிருக்காங்க. மூணு ரூபாய்க்கு மட்டும் ஒரே விரல். இல்லாத ஆளை எழுதுறவன் ஒசந்த கட்டணத்தைத்தானே எழுதுவான்?"

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது பேச்சிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தான். "அண்ணாச்சி, கூண்டு வண்டி! காயல்பட்டினத்து வண்டி!"

அதிகாரியும் பதிவேட்டோடு தெருவுக்கு இறங்கினார். வண்டியின் திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. குறுக்கே தழும்புள்ள பெருவிரல். தாளில் அது பதிந்ததும் அதிகாரி கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"சரி. மத்த பன்னிரண்டு பேருக்கும் ஏன் நீங்க வைக்கலை?"

"அவங்களுக்கு மருந்தே விடலியே," என்றது முத்து பீவியின் குரல். "கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு, அவங்களே வச்சாங்க."

"நான் அன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் சுவரைப் புடிச்சுத்தான் நடந்தேன்," என்றது உள்ளே இன்னொரு குரல். பதினொருவரில் ஒருத்தியான பதுருன்னிஸா.

அதிகாரி அந்தப் பக்கத்தை மறுபடி விரித்தார். எதை வைத்து அவர் மோசடி என்றாரோ, அதுவே மருந்து விட்டதற்குச் சாட்சியாகிவிட்டது. அங்கேயே, வண்டிச் சட்டத்தின் மேல் பதிவேட்டை வைத்து, பதினொன்றுக்கும் 'சரி' என்று எழுதினார். இனிமேல் மருந்து விட்டவருக்குப் பதிலாக யார் விரல் வைத்தாலும் அவர் பெயரையும் எழுத வேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

காசிலிங்கம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "உம்மா, வீட்ல கேட்டீங்களா?"

"கடுதாசி போட்டிருக்கேன். ஏசுனா ஏசட்டும். ஒரு மனுசனை செயிலுக்கு அனுப்பிட்டு நான் எப்படித் தொழுவேன்?"

மை கழுவ விரல் நீண்டது. அவர் ஊற்றினார். கண் அதிகாரி எழுதிய 'சரி'யின் மேலேயே இருந்தது.

"தம்பி," என்று திரைக்குள் சிரிப்புக் கேட்டது, "தண்ணியெல்லாம் மாட்டு மேலல்லா ஊத்துது!"